தாட்சாயணி வைத்த பரீட்சை

1958 ஜூலையில் மேல்படிப்புக்காகத் திருப்பதி போனபோது தாட்சாயணிக்கு இருபத்தெட்டு வயது. கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவே, பஸ் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே போனால் வரும் நாரைமேடு அவள் ஊர். பதினேழு வயதில் கல்யாணமாகி, பத்தொன்பதில் காலராவுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவளை என்ன செய்வது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது, அண்ணன் அப்பாவு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "எட்டாவதுல உட்டுச்சி இல்ல, அங்கிருந்து படிக்கட்டும்."

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேர்க்கடலையும் கேழ்வரகும் பயிரிட்டுப் பிழைத்தவன். ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் தங்கையின் டிரங்குப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு புத்தூர் ரயிலடிவரை தள்ளிக்கொண்டே வருவான். எட்டு வருஷம் இப்படி. அவள் பி.ஏ. முடித்தாள், பி.டி. முடித்தாள், புத்தூரில் வாத்தியாரம்மா ஆனாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். உளவியலும் கல்வியும் சேர்ந்த ஒரு வருஷ மேல்படிப்பு திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது.

வகுப்பில் பதினான்கு பேர். அதில் பெண்கள் இரண்டு பேர். குழந்தை மனம், கற்பிக்கும் முறை, கல்வி வரலாறு எல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தன. புள்ளியியல்தான் வரவில்லை. முதல் நாள் கரும்பலகையில் ஈட்டி முனைபோல மடங்கிய ஒரு கிரேக்க எழுத்தைப் போட்டு, "இதுதான் சிக்மா, எல்லாத்தையும் கூட்டுன்னு அர்த்தம்" என்றார் விரிவுரையாளர். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முதல் பருவத் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று.

விரிவுரையாளர் பெயர் வெங்கடசாமி. புத்தலப்பட்டுக்காரர். தாட்சாயணியைவிட மூன்று நான்கு வயதுதான் அதிகம். மதராஸில் படித்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் இங்கிலீஷ், தாட்சாயணியிடம் மட்டும் மதராஸில் கற்றுக்கொண்ட தமிழ். விடைத்தாளைக் கொடுக்கும்போது, "நீங்க மனப்பாடம் பண்றீங்கம்மா. இது அப்படி வராது" என்றார். அவளும் தெரிந்துதான் மனப்பாடம் செய்தாள். வேறு வழி தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை பதினான்கு பேரையும் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனார். திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளை மட்டும் நிறுத்தி, ஊரிலிருந்து புறப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டு எழுத வேண்டும். ஆளுக்குப் பத்துப் பேர். தாட்சாயணி ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். ஒரு நாள் என்றார்கள், இரண்டு நாள் என்றார்கள், மூன்று, நான்கு. கடைசியாக அவள் நிறுத்திய ஆள் காலில் துணி சுற்றிய ஒரு கிழவர். பேச்சு வேறு மாதிரி இருந்தது, வடக்கே எங்கோ. விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு முப்பத்தெட்டு நாள் என்று காட்டினார்.

அவள் கூட்டிப் பார்த்தாள். பத்துப் பேருக்கும் சேர்த்து அறுபது நாள். சராசரி ஆறு. தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்துப் பேரில் ஆறு நாள் நடந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒன்பது பேர் நாலு நாளுக்குள் வந்துவிட்டவர்கள். ஒரே ஒரு கிழவர் நடந்துவந்து, எல்லாரையும் ஆறு நாள் நடந்தவர்களாக ஆக்கிவிட்டார்.

வெங்கடசாமியிடம் தாளைக் காட்டினாள். "வரிசையா நிக்க வெச்சு நடுவுல பாருங்க" என்றார். ஐந்தாவது ஆள் இரண்டு, ஆறாவது ஆள் மூன்று. நடு அளவு இரண்டரை நாள். கிழவர் முப்பத்தெட்டு நாள் நடந்தாலும் முந்நூறு நாள் நடந்தாலும் அந்த இரண்டரை அசையாது. இத்தனை நாள் கண்ணைக் கட்டி விட்டதுபோல் இருந்த பாடம் அன்றைக்குத் திறந்துகொண்டது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. விலக்கம் என்பது ஆட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்பதன் அளவு என்று புரிந்தது. வர்க்கமூலத்தைக் கையாலேயே போட்டாள். மடக்கை அட்டவணைப் புத்தகத்தின் ஓரங்கள் பிய்ந்துபோயின. வருஷக்கணக்காக ஒவ்வொன்றுக்கும் யாராவது சொல்வதைக் கேட்டு நடந்தவளுக்கு, ஒரு விஷயம் சரியா தப்பா என்று தானே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடிவது பெரிய சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் பருவத்தில் நாற்பத்தொன்று. வகுப்பில் அவள்தான் முதல்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஆய்வுக்கு வெங்கடசாமி சொன்ன தலைப்பை ஒப்புக்கொண்டாள். எல்லையோரக் கிராமங்களில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவுத் திறன் பரீட்சை வைத்து, மதிப்பெண்களை ஆராய்வது. அறுபது கேள்விகள் கொண்ட அந்தப் பரீட்சையை இங்கிலீஷிலிருந்து தெலுங்குக்கு யாரோ மாற்றியிருந்தார்கள். அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாகக் கல்லூரியில் இருந்தன.

அவள் ஒரு கேள்வி கேட்டாள். "சார், அந்தப் பக்கத்து ஸ்கூல்ல மூணுல ஒரு பங்கு தமிழ்ப் பிரிவு. அந்தப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல வேணாமா?"

"தமிழ்ல மாத்தினா அது வேற பரீட்சை ஆயிடும்மா. ரெண்டையும் ஒண்ணா வெச்சு எப்படிப் பாப்பீங்க? எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், ஒரே வார்த்தை. அதுதானே ரூல்?"

ரூல் அதுதான். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. தெலுங்குத் தாள்களையே கட்டி எடுத்துக்கொண்டாள்.

ஆந்திராவுக்கும் மதராஸ் ராஜ்யத்துக்கும் எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்த ஊரில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள், எத்தனை பேர் தெலுங்கு பேசுகிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் ஊர்களை அங்கேயும் இங்கேயும் பிரிக்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கையில் காகிதத்தோடு ஒரு அம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கினாலே, "எங்க ஊரு எந்தப் பக்கம்மா போவுது?" என்று கேட்டார்கள். "நான் ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வெக்க வந்தேன்" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

1959 ஜனவரியில் பன்னிரண்டு பள்ளிக்கூடங்களில் பரீட்சை வைத்தாள். எட்டாவது பள்ளிக்கூடம் நாரைமேடு.

அங்கே நாலாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவில் அவள் அண்ணன் மகள் வள்ளி படித்தாள். பத்து வயது. தாட்சாயணி புருஷனை இழந்து வீடு திரும்பிய வருஷம் பிறந்த குழந்தை. கெட்டிக்காரி. மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பும்போது பட்டி வாசலில் நின்று, எண்ணாமலே "நெத்தியில வெள்ளக் குட்டி வரல நைனா" என்பாள். கடையில் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்து, கிழிந்த செய்திக்கு முடிவு என்ன என்று தானே கட்டிச் சொல்வாள். அவள் அம்மா ஜெயம்மா, "இவளும் அவ அத்தே மாதிரி டிரங்குப் பொட்டி தூக்கப் போறா" என்று பெருமையாகச் சலித்துக்கொள்வாள்.

தமிழ்ப் பிரிவையும் தெலுங்குப் பிரிவையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தாள் தாட்சாயணி. தாளைக் கவிழ்த்து வைத்தாள். கல்லூரி ஸ்டாப் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம். நாரைமேட்டுப் பிள்ளைகள் எல்லாருமே சந்தையில் தெலுங்கு பேசுவார்கள்தான். ஆனால் தாளில் இருந்தது சந்தைத் தெலுங்கு இல்லை. கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துப் புத்தகத் தெலுங்கு. தெலுங்குப் பிரிவுப் பிள்ளைகளே முதல் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கினார்கள். தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்து மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம்.

பத்து நிமிஷம் போயிருக்கும். வள்ளி விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தாட்சாயணி பக்கத்தில் வந்தபோது புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, இது இன்னா கேக்குது?"

நான்கு படங்கள். ஏர், மண்வெட்டி, அரிவாள், கொலுசு. எது சேராதது என்பது கேள்வி. அதை ஒரே வார்த்தையில் தமிழில் சொன்னால், வள்ளி ஒரு நொடியில் கொலுசைக் காட்டிவிடுவாள்.

பரீட்சை வைப்பவர் எந்தக் கேள்விக்கும் விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தாள் செல்லாது. குறிப்பேட்டில் முதல் விதி.

"தெரிஞ்சத எழுதும்மா" என்றாள் தாட்சாயணி.

"எனக்குத் தெரியும் அத்தே. இன்னா கேக்குதுன்னுதான் தெரியல."

"தெரிஞ்சத எழுது."

வள்ளி ஒரு கணம் அவளையே பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். தாட்சாயணி அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். கையிலிருந்த கடிகாரத்தில் முள் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் எல்லாத் தாள்களையும் திருத்தி முடித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் இருநூற்று நான்கு பேருக்குச் சராசரி முப்பத்துநான்கு. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நூற்றெட்டுப் பேருக்கு இருபத்திரண்டு. மொத்தச் சராசரி முப்பதுக்குக் கொஞ்சம் கீழே, விலக்கம் ஏறக்குறைய பத்து. பின்தங்கியவர்களைப் பிரிக்க, சராசரியிலிருந்து இரண்டு விலக்கம் கீழே கோடு போட வேண்டும். கோடு பத்தில் விழுந்தது. அதற்குக் கீழே ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வள்ளி வாங்கியது ஒன்பது.

அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. இது மூளையின் அளவு அல்ல, பாஷையின் அளவு என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வெங்கடசாமியிடம் போய்ச் சொன்னாள்.

"நிஜம்தான்" என்றார் அவர். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. "அதையும் எழுதுங்க. அனுபந்தத்துல போட்டுடுங்க."

எழுதினாள். ஆய்வேட்டின் எண்பத்துநான்காம் பக்கத்தில், அனுபந்தம் மூன்றில், பதினோரு வரிகள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குச் சரியாகப் படிக்க வராத பாஷையில் பரீட்சை எழுதினார்கள், ஆகவே இந்த எண்களைக் கொண்டு அவர்களுடைய திறனைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று.

பிறகு மேலே கல்வி இலாகாவின் ஓர் அலுவலகத்திலிருந்து முடிவுகளின் சுருக்கம் கேட்டு வந்தது. இரண்டு பக்கத்துக்குமேல் போகக் கூடாது. சுருக்கத்தை எழுதியது தாட்சாயணிதான். அட்டவணை ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டது. கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் பெயர்களும் பள்ளிகளும் அரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தில் முறையை விளக்க வேண்டியிருந்தது. பதினோரு வரிக்கு இடமில்லை. ஒரு வரியாகச் சுருக்கிப் பார்த்தாள், அதுவும் மூன்றாம் பக்கத்துக்கு ஓடியது. ஆய்வேட்டில்தான் இருக்கிறதே, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள். பின்னாளில் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்வாள். "நானேதான் விட்டேன். யாரும் விடச் சொல்லல."

ஏப்ரலில் முதல் வகுப்பில் தேறினாள். ஆய்வேட்டுக்குத் தனிப் பாராட்டு. ஜூன் மாதம் சித்தூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்தது. உளவியலும் புள்ளியியலும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதே ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்தபோது அந்த உத்தரவும் வந்து சேர்ந்தது. சோதனையில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை அடிவகுப்பில் சேர்த்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஏழு பெயர்கள். நாரைமேட்டில் ஒரு பெயர்.

ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய வள்ளி ஒன்றாம் வகுப்பில், தெலுங்குப் பிரிவில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்தாள். நாலு நாள் போனாள். ஐந்தாம் நாள் சிலேட்டை எடுக்கவில்லை. அப்பாவு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டான். தலைமையாசிரியர் காகிதத்தைக் காட்டினார். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார், கீழே பரீட்சை நடத்தியவர் பெயர் உட்பட.

அப்பாவு அன்றைக்கே பஸ் ஏறிச் சித்தூர் வந்தான். பயிற்சிப் பள்ளி வாசலில் வெயிலில் நின்றான். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"அந்தக் காயிதத்துல உன் பேரு கீதாம். மெய்யா?"

"அண்ணா, நான் சொல்றத கேளு. பரீட்சை தெலுங்குல..."

"உன் பேரு அதுல கீதா, இல்லியா?"

"கீது அண்ணா."

"கொழந்தைக்குப் புத்தி இல்லன்னு எழுதிக் குடுத்தியா?"

"அப்படி எழுதல. நம்பருதான் எழுதினேன்."

அப்பாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ படிக்கணும்னு ஊரே எதிர்த்துக்கினு நான் நின்னேன் தாச்சி" என்றான். வந்த வழியே திரும்பி நடந்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பின்னாலேயே ரோடுவரை ஓடினாள். அவன் நிற்கவில்லை.

தாட்சாயணி உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். அறுபது கேள்விகளையும் தானே தமிழில் மாற்றினாள். ஜூலை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய், முன்பு எழுதிய தமிழ்ப் பிள்ளைகளில் நாற்பது பேரைப் பிடித்து மறுபடி பரீட்சை வைத்தாள். மரத்தடியில், மாரியம்மன் கோயில் மண்டபத்தில், களத்துமேட்டில். வள்ளி வர மறுத்தாள். ஜெயம்மாதான் புருஷனுக்குத் தெரியாமல் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

முன்பு இருபத்திரண்டாக இருந்த சராசரி முப்பத்துமூன்று ஆயிற்று. தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஒன்பது வாங்கிய வள்ளி நாற்பத்துநான்கு வாங்கினாள்.

தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு ஓடினாள். வெங்கடசாமி நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் மலரவில்லை.

"அதே கேள்வி. ஆறு மாசத்துல ரெண்டாவது தடவை" என்றார். "பழக்கத்துல ஏறினது எவ்வளவு, தமிழால ஏறினது எவ்வளவு? எப்படிப் பிரிப்பீங்க?"

அவள் தாள்களைத் திரும்பப் புரட்டினாள்.

"தெலுங்குப் பிள்ளைங்க நாப்பது பேருக்கும் ரெண்டாந்தடவை வெச்சிருந்தா, அவங்களுக்கு எவ்வளவு ஏறுதுன்னு பாத்துக் கழிச்சிருக்கலாம். வெக்கல. அப்புறம், பரீட்சை வெச்சது நீங்க. இந்தப் பொண்ணுக்கு நீங்க அத்தை. மேல யாராவது ஒத்துப்பாங்களா? நானே ஒத்துக்க முடியாதம்மா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவளிடம் வேறு யாராவது இந்தத் தாள்களைக் கொண்டுவந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். மலையடிவாரத்தில் எந்தப் பாடம் அவளுக்குக் கண்ணைத் திறந்ததோ அந்தப் பாடத்தின்படியே அவள் கையில் இருந்தது வெறும் காகிதம்.

தெலுங்குப் பிள்ளைகளுக்கு மறுபரீட்சை வைக்கலாம் என்று திரும்பவும் பள்ளிகளுக்குப் போனாள். ஒருவரும் அனுமதிக்கவில்லை. கங்கையா என்ற ஒரு தலைமையாசிரியர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார். "எந்த ஊரு எங்க போவுதுன்னு அவனவன் அடிச்சிக்கினு கீறான். இந்த நேரத்துல தமிழ்ப் பிள்ள எத்தன, தெலுங்குப் பிள்ள எத்தனன்னு காயிதம் எடுத்துக்கினு வராதீங்கம்மா. உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல." மோர் கொடுத்து அனுப்பி வைத்தார். மேலே இருந்த அலுவலகத்துக்கு அவள் எழுதிய நான்கு கடிதங்களுக்குப் பதில் ஒன்று வந்தது. பரீட்சை எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது என்று.

1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை முடிவாயிற்று. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் மதராஸ் ராஜ்யத்துக்குப் போனது. நாரைமேடு ஆந்திராவிலேயே நின்றது. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் போனால் தமிழ்ப் பள்ளிக்கூடம், பதினோரு மைல். தாட்சாயணிக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை வந்தது. ஜெயம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். ஜெயம்மாவின் தங்கை அந்தப் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வள்ளி அங்கே தங்கிப் படிக்கலாம். அப்பாவு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஜூனில் தாட்சாயணியே வள்ளியைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர்த் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார். அதில் படித்த வகுப்பு: ஒன்று என்று இருந்தது.

"இவ நாலாவது முடிச்சவ சார். ஒரு பாடம் படிக்கச் சொல்லிப் பாருங்க" என்றாள் தாட்சாயணி.

அவர் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். வள்ளி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தாள்.

"படிம்மா. உனக்கு வரும்."

வள்ளி சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

"பரவால்லம்மா, விடுங்க" என்றார் தலைமையாசிரியர் இரக்கத்தோடு. "வேற ராஜ்யத்து சர்டிபிகேட்டு. அதுல என்ன இருக்கோ அதத்தான் நான் எழுத முடியும். ரெண்டாவதுல சேத்துக்கறேன்."

வள்ளி ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் சித்தியிடம் சொல்லாமலே கிளம்பி, பதினோரு மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அப்பாவு ஆடுகளை அவளிடம் விட்டான். பதினாறு வயதில் புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. தாட்சாயணி போனாள். பந்தியில் இலை போட்டார்கள், பரிமாறினார்கள். அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் சித்தூரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நன்றாக நடத்துவாள் என்று பேர். சராசரி, நடு அளவு, விலக்கம், ஒப்பீட்டுக் குழு எல்லாம் அவளிடம் படித்தவர்களுக்கு மறக்காது. ஆனால் குழந்தைகளுக்குச் சோதனை வைக்கும் செய்முறைப் பாடம் வந்தால் அந்த வகுப்பை வேறொருவரிடம் தள்ளிவிடுவாள். ஸ்டாப் கடிகாரத்தை அவள் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

1968 கார்த்திகையில் அப்பாவு படுத்த படுக்கையானான். ஈரல் வீங்கிவிட்டது. ஜெயம்மா சொல்லி அனுப்ப, தாட்சாயணி நாரைமேட்டுக்குப் போனாள். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தான். அவள் வந்தது தெரிந்ததா என்று தெரியவில்லை. காலடியில் உட்கார்ந்தாள். வள்ளியும் வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பத்தொன்பது வயதுக்கு முகம் முற்றிப் போயிருந்தது.

"வாங்க அத்தே" என்றாள். "சோறு துன்னீங்களா?"

புத்தூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மூன்று மருந்துகள் கொடுத்திருந்தார். எது எப்போது என்று ஒரு சீட்டில் தமிழில் தெளிவாக எழுதியிருந்தார். ஜெயம்மா அந்தச் சீட்டை மகளிடம் நீட்டினாள். வள்ளி அதைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே தாட்சாயணியிடம் கொடுத்தாள்.

"நீயே படி வள்ளி. தமிழ்தானே" என்றாள் தாட்சாயணி.

"எனக்கு அதெல்லாம் வராது அத்தே. தப்பா குடுத்துட்டா நைனாவுக்கு எதுனா ஆயிடும்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. ஊரில் யாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "எனக்கு மூளை கம்மி. சின்ன வயசுலயே நீங்க பரீட்சை வெச்சிப் பாத்தீங்க இல்ல."

தாட்சாயணிக்குச் சீட்டில் இருந்த எழுத்துகள் கலங்கின. "வள்ளி, அந்தப் பரீட்சை தப்பு. தமிழ்ல வெச்சப்ப நீ நாப்பத்துநாலு வாங்கின. அறுபதுக்கு நாப்பத்துநாலு. நாப்பது பேர்ல யாரும் அவ்ளோ வாங்கல."

வள்ளி சிரித்தாள். பெரியவர்கள் ஆறுதல் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு.

"அது நமக்காவ நீங்களா வெச்சது அத்தே" என்றாள். "மொதல்ல வெச்சதுதான் கவருமெண்டுல ஒத்துக்கினாங்க."

குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். தாட்சாயணி சீட்டைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள். காலையில் வெள்ளை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன். டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, அண்ணனின் தலையை மெல்லத் தூக்கினாள்.